எட்டாந்தேதி லீவு

எங்கள் ஊர் நீதிமன்றத்தைக் கட்டிய கொத்தனார்களில் ஹோசியா கெர்ட்டன் ஒருவர்தான் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவின் டென்னசி மாநிலம் தெற்கு மாநிலங்களோடு சேர்ந்து வடக்கை எதிர்த்துப் போருக்குப் போனது. கிழக்கே மலையில் இருந்த நாங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வயது ஹோசியா எசமானின் செங்கல் சூளையிலிருந்து தப்பி, நாக்ஸ்வில்லுக்கு நடந்தே போய் வடக்குப் படையின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் எட்டு எங்கள் பக்கத்துக் கறுப்பின மக்களுக்கு விடுதலை நாள். போர் முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து ஹோசியா அன்றைக்கு ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை.

1889இல் நீதிமன்ற வாசல் வளைவு பாதி கட்டியிருந்தபோது, ஏழாம் தேதி மாலை ஒப்பந்தக்காரர் புரூயிட் வந்தார். அவருடைய அப்பா தெற்குப் படையில் அதிகாரி.

"நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும். உங்க கொண்டாட்டத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்க, ஹோசியா."

"ஞாயிறு சாமிக்கு, முதலாளி. எட்டாந்தேதி எங்களுக்கு."

"அப்படிப் போனா திரும்பி வராத."

ஹோசியா கரணையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டார்.

சாரத்தின் மேலிருந்து ஏமஸ் லெட்டி இறங்கினார். வெள்ளையர். பத்து வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் ஹோசியாவோடு ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிடாதவர்.

"நானும் வரல. அந்தச் சண்டையில நானும் நீலச் சட்டைதான். என் தம்பிய உங்க அப்பாவோட ஆளுங்க மரத்துல தொங்கவிட்டாங்க. அவன் எதுக்குச் செத்தான்னு இருபத்தஞ்சு வருஷமா யோசிக்கிறேன். இதுக்குன்னே இருக்கட்டும்."

ஒன்பது கொத்தனார்களில் ஆறு பேர் கரணையைக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் ஆற்றங்கரை விருந்துக்கு லெட்டி ஒரு தர்ப்பூசணியோடு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார். ஹோசியா பலகையில் நகர்ந்து இடம் விட்டார். சுட்ட பன்றிக்கறியை ஒரு வாய் தின்றதும் லெட்டி கேட்டார்:

"இத்தன வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"யாரு ஒளிச்சா? நீதான் வரல."

ஒன்பதாம் தேதி காலையில் வேலைக்குத் திரும்பக் கூப்பிட புரூயிட்டே ஹோசியாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். தனக்கு மட்டுமல்ல, எல்லாக் கறுப்பின வேலையாட்களுக்கும் வருடாவருடம் அந்த நாள் விடுமுறை வேண்டும், அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் ஹோசியா. சாரத்தடியில் எல்லாரையும் கூட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் புரூயிட் அதைச் சொல்லி முடித்தார். மூன்றே நாளில் வளைவு எழுந்தது.

அடுத்த ஆண்டு ஹோசியா சொந்தமாக ஒப்பந்தம் எடுத்தார். முதலில் கட்டியது கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். லெட்டி அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார். பாதி நேரம் லெட்டியின் பேச்சிலேயே போய்விடுகிறது என்று ஹோசியா குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் அவரை வேலையிலிருந்து நிறுத்தவேயில்லை.