நகிபூலே மண்டியிடாத காலை

புகண்டாவில் உள்ள எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைத் துடைக்கும் நகிபூலேவுக்குக் கட்டிலின் மேலே நடப்பதைவிடக் கீழே நடப்பதுதான் நன்றாகத் தெரியும். எந்தக் கட்டிலடியில் வாழைக்காய்ப் பானை ஒளிந்திருக்கிறது, எந்தத் தாய் மாத்திரையை விழுங்காமல் கீழே போட்டாள், எல்லாம் அத்துப்படி. ஆனால் வாய் திறக்க மாட்டாள். பதினோரு வருஷம் அவளோடு வேலை பார்த்த நர்ஸ் நான். நானும் கேட்டதில்லை.

புதிதாக வந்த தலைமை நர்ஸ் நந்தோங்கோ, நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் யாரும் யாரிடமும் சொல்லலாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டி, கீழே எழுதிப் போட ஒரு பெட்டியும் வைத்தார். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஒரு மிட்டாய்த் தாள்தான் இருந்தது. ஏன் என்று விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன், போகப் போக அந்தக் கேள்வி என்னையே அரித்தது. பயமா? சோம்பலா? எழுதத் தெரியாததா?

நகிபூலே ஒரு நாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். போன வருஷம் ஒரு பெண்ணின் கட்டிலடியில் ரத்தம் சொட்டியதைப் பார்த்திருக்கிறாள். டாக்டர் செம்வங்கா வந்ததும், புகண்டாப் பெண்களான எங்கள் வழக்கப்படி, வணக்கம் சொல்ல மண்டியிட்டாள். ராத்திரி எப்படிக் கழிந்தது, வீட்டில் எப்படி என்று தொடங்கினாள். அதை முடிக்காமல் விஷயத்துக்கு வந்தால் எங்களிடையே பெரிய மரியாதைக்கேடு. டாக்டர் நடந்தபடியே பதில் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

"உங்க குழந்தைங்க எப்படின்னு அவர்கிட்ட கேக்கிற வரைக்கும்தான் வந்தேன் அக்கா. ரத்தத்துக்கு வரவேயில்ல. அந்தப் பொண்ணு மத்தியானம் செத்துப் போயிட்டா."

 அன்று வார்டில் நானும் இருந்தேன்.

நந்தோங்கோவிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் போட்டார். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி ஒரே விதி சொன்னார்: ஆபத்து என்றால் நின்றபடியே முதலில் விஷயம், நலம் விசாரிப்பது பிறகு.

"அப்போ மாமியார்கிட்டயும் இப்படியே பேசலாமா சிஸ்டர்?" என்றார் செம்வங்கா. எல்லாரும் சிரித்தார்கள், நகிபூலேவைத் தவிர.

இரண்டு வாரம் கழித்து, ஆறாம் கட்டிலில் இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு தாய். போர்வையில் ஒரு கறை இல்லை. நல்லாத் தூங்குகிறாள் என்று நினைத்து நான் கடந்து போனேன். ஆனால் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து விரித்த பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தம் தேங்கி, சுவர்ப் பக்கமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து துடைப்பவளுக்கு மட்டுமே தெரியும் இடம். செம்வங்கா ரவுண்ட்ஸ் முடித்து வாசலை நெருங்கிவிட்டார். நகிபூலே குறுக்கே போய் நின்றாள். அவள் முழங்கால் தானாக மடிவதைப் பார்த்தேன். பாதியில் நிமிர்ந்தாள்.

"ஆறாம் கட்டில். சுவத்துப் பக்கம் ரத்தம் சொட்டுது. நிறைய."

டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஒரு நொடிதான். பிறகு ஓடினார். அவர் கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்க, நான் ஊசி போட, நந்தோங்கோ ரத்தத்துக்கு ஆள் அனுப்ப, ஒரு மணி நேரம் போராடினோம். கடைசியில் அந்தத் தாய் கண்ணைத் திறந்து, பிள்ளைகள் ரெண்டும் எங்கே என்று கேட்டாள்.

டாக்டர் கை கழுவித் திரும்பியபோது நகிபூலே அதே வாசலில், ஈரத் தரையில் மண்டியிட்டிருந்தாள். ராத்திரி எப்படி இருந்தது, வீட்டில் எப்படி என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். செம்வங்கா நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உங்கள் குழந்தைகள் எப்படி என்று கேட்டு, போன வருஷம் நின்றுபோன அதே இடத்தில் நிறுத்தினாள். டாக்டர் நகரவில்லை.

"நல்லா இருக்காங்கம்மா," என்றார். "சொல்லுங்க, வேற என்ன பாத்தீங்க?"