தாவணி வெளியே, புடவை உள்ளே

மயிலாப்பூரில் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்று டிக்கெட் கிழிப்பதுதான் என் முதல் வேலை. எழுபதுகளின் தொடக்கம். நான் சேர்ந்த வாரமே ஒரு 'ஏ' படத்தைப் போட்டுத் தொலைத்தார்கள். போஸ்டர் முழுக்கக் கத்தியும் ரத்தமும். மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, பதினெட்டு ஆவாத ஒரு தலை உள்ள பூந்தாலும் லைசென்ஸ் பூடும். உன் வேலையும் பூடும்."

"வயச எப்படி சார் கண்டுபுடிக்கிறது?"

"பாத்தா தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. ஆண்களுக்கு மீசையைப் பார்த்தேன். பெண்களிடம் வயது கேட்டால் கூட வந்தவர் அடிக்க வருவார். அதனால் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். தாவணி என்றால் வெளியே, புடவை என்றால் உள்ளே. கழுத்தில் தாலி தெரிந்தால் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு வேறு.

1. தாவணி

சனிக்கிழமை மேட்னி. தாவணி கட்டிய ஒரு பெண்ணை நிறுத்தினேன்.

"எனக்கு இருபது வயசாறது. காலேஜ்ல படிச்சிண்டிருக்கேன். தாவணி கட்டிண்டா கொழந்தையா?"

"புடவை கட்டிக்கினு வாம்மா."

முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கடமையைச் செய்த பெருமை.

2. புடவை

அதே காட்சி. படம் தொடங்கி அரை மணி இருக்கும். பட்டுப்புடவையும் புது மஞ்சள் கயிறுமாக ஒரு பெண் வெளியே ஓடி வந்தாள். அவள் டிக்கெட்டைக் கிழித்தவன் நான்தான். காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"கதவ மூடுண்ணா. அலறுற சத்தம் கேக்குது."

"உனக்கு வயசு இன்னாம்மா?"

"ஆடி வந்தா பதினாறு."

மேனேஜரைக் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் புருஷன் வந்துவிட்டான். முப்பது இருக்கும்.

"இங்க இன்னா குந்திக்கினு கீற? உள்ள வா."

நான் குறுக்கே நின்றேன். "சின்னப் பொண்ணு சார். உள்ள வுட முடியாது."

"யாருய்யா சின்னப் பொண்ணு? எம் பொண்டாட்டிய்யா!"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். என்னைத் தனியே இழுத்துப்போனார்.

"சட்டப்படி பதினஞ்சுல கல்யாணம் பண்ணலாம்யா. படம் பாக்கத்தான் பதினெட்டு."

"அப்போ இந்தப் பொண்ணு கொழந்தையா, இல்லையா சார்?"

தலையைச் சொறிந்தார். "படத்துக்குக் கொழந்தை. உள்ள வுடாத."

திரும்பி வந்து முடியாது என்றேன். "அப்போ வூட்டுக்கு நட" என்று அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வூட்டுக்கு வேணாம். நான் உள்ளயே போறேண்ணா. கண்ண மூடிக்கினு குந்திக்கிறேன்."

நான் விடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவன் முன்னால் நடக்க, அவள் பின்னால் போனாள்.

உடுப்பைப் பார்க்காதே, வாயைத் திறந்து வயதைக் கேள் என்பது அன்று நான் கற்ற பாடம். அதன்பிறகு எல்லாரிடமும் கேட்டேன். வாங்காத திட்டில்லை. பிள்ளைகள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த ஒருத்தியை அனுப்பியது மட்டும் சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.