பெயர் போடாத வாழ்த்து மடல்

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், நண்பர்கள் சார்பில் அச்சடித்துக் கொடுக்கும் வாழ்த்து மடலை எழுதுவது நான்தான். மாப்பிள்ளையைக் கிண்டலடித்து எழுதி, மைக்கிலும் நானே வாசித்து, பந்தியில் இருப்பவர்களுக்குப் புரையேற வைப்பேன். சம்பளம் கிடையாது, இரண்டாவது தடவை பாயசம் உண்டு.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பரம சாது. கிண்டலுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. அதனால் இப்படி எழுதினேன்: “எங்கள் தெருவில் ஒரு பலசரக்குக் கடை வள்ளல் உண்டு. சீனியைவிட அவர் கட்டைவிரலுக்குக் கனம் அதிகம். இந்த ஜோடியை அவர் நிறுத்தால் மூன்று பேர் எடை காட்டும்!” கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். மண்டபமே அதிர்ந்தது.

பத்தே நாளில் வக்கீல் நோட்டீஸ், பிறகு கோர்ட் சம்மன். கடைக்காரர் என் மீது அவதூறு வழக்குப் போட்டுவிட்டார்.

என் வக்கீல் மடலைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார்.

“எழுதினது நெசமா, வே? நெசம்னா, அதைச் சொன்னது ஊருக்கு நல்லதுன்னும் நாமதான் காட்டணும்.”

“அவரு கடைத் தராசை நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி.”

“பொறவு என்னத்துக்குவே எழுதினீரு?”

“சிரிப்பாவளேன்னுதான்.”

“சரி, அவரு பேரு போடலேல்லா? மடலைப் படிச்சவன் ஒருத்தன் வந்து ‘இது இவரைத்தான் சொல்லுது’ன்னு சாட்சி சொல்லணும். அவரு அந்த ஆளைக் கொண்டு வரட்டும், பாப்போம்.”

இந்தச் செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் என் மவுசு போயிற்று. என்னோடு நின்று பேசினால் சாட்சிக்கு இழுத்துவிடுவார்களோ என்று பயம். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அந்த மாப்பிள்ளைகூட என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். ஊரைச் சிரிக்க வைத்தவன், வீட்டுச் சுவரிடம் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவரும் சிரிக்கவில்லை.

வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் ஒரு கோடியில் நான், மறு கோடியில் கடைக்காரர். அவரோடும் யாரும் வரவில்லை.

விசாரணை நாளில் அவர் கூண்டில் ஏறினார். வழக்கை நிரூபிக்க அந்த வரிகளை அவரே உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் வந்த இடத்தில் கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமி, மீதியையும் வாசித்தார். என் வாழ்நாளில் முதல் தடவையாக என் ஜோக்கு எனக்கே சிரிப்பு மூட்டவில்லை.

“இதுல உங்க பேரு எங்க இருக்கு?” என்றார் என் வக்கீல்.

“பேரு இல்ல அய்யா. ஆனா அந்தத் தெருவுல கடை என்னுது ஒண்ணுதான். சாமான் வாங்க வாரவுக எல்லாம் இப்போ தராசைப் பாக்கதில்ல, என் வெரலைத்தான் பாக்காவ. நிறுக்கும்போது ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுதேன்.”

“அவங்கள்ல ஒருத்தரைச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்களா?”

“வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன். யாரும் வரல.”

என் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இடைவேளையில் வக்கீலிடம், தப்பை ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். “ஜெயிக்கிற கேஸுவே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வராந்தாவின் மறு கோடிக்குப் போனேன். “அண்ணாச்சி, உங்களைத்தான் எழுதினேன். அத்தனையும் பொய்” என்றேன்.

அவர், “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அதே மாதிரி அச்சடிச்சு ஊருக்குச் சொல்லும்” என்றார். நான் சம்மதித்ததும், நீதிபதியின் அனுமதியோடு வழக்கை முடித்துக்கொண்டார்.

அதே அச்சகத்தில், அதே அளவுத் தாளில், என் பெயரோடு மன்னிப்பு அச்சானது. வீடு வீடாக நானே கொண்டுபோனேன். முதல் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“போன தடவையவிட இது ஜோருவே! மூஞ்சிய வேற எப்படி வச்சிருக்கீரு!”

“நெசமாத்தான் சொல்லுதேன்” என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார். தெருக்கோடி வரை அதே கதைதான். யாருமே நம்பவில்லை.

அதற்குப் பிறகும் நான் எழுதாமலில்லை. ஆனால் எந்தக் கூட்டம் சிரித்தாலும், அதில் சிரிக்காமல் இருக்கிற ஒரு முகத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.