எந்தக் கால்?

இன்று மதியம் பீச் ரோட்டில் இருக்கும் என் அண்ணனின் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த வீட்டு கேட்டுக்கு அடிக்க நீல பெயிண்ட் வேண்டும்.

கடை டிவியில் ஆசிய விளையாட்டுப் போட்டி, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ். நம் நாட்டுப் பெண் ஓடிவந்து, வால்ட் மேசையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று, ஆடாமல் அசையாமல் வந்து நின்றாள்.

அண்ணன் எழுந்தே விட்டான். "எப்படிச் சுத்துதா பாத்தியளா அண்ணாச்சி!" என்று பெயிண்ட் வாங்க வந்த பெரியவரிடம் கத்தினான்.

பிறகு என்னைக் காட்டினான். "என் தங்கச்சியும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் குதிப்பா. மாவட்டத்துலயே மொத ஆளு. கால்ல அடி பட்டுட்டு. இல்லன்னா இன்னைக்கு இவளும் அங்கன நின்னுருப்பா."

சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் காலில் அடியே படவில்லை. அப்பா சவுதியில் இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் எழுதுவது அவன்தான். தொடை தெரிய உடுத்தினால் ஊர் பேசும் என்று, மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் பி.டி. டீச்சருக்கு, எனக்குக் காலில் அடி என்று எழுதினான். கொண்டுபோய்க் கொடுத்தது நான். நொண்டிக்கொண்டே போகச் சொன்னான். ஒரு வாரம் நொண்டினேன்.

பெரியவர் பரிதாபப்பட்டு, "எந்தக் காலும்மா?" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தான்.

இடதா, வலதா? நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள். அவன் அதையும் நம்பிவிடுவான்.