எக்ஸ்ரேயில் தெரிந்த பெரிய கல்

எழுபதுகளில் என் விலாவைக் கிழித்துத்தான் சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். மூன்று மாதம் தறியில் உட்கார முடியவில்லை. ஆனாலும், "கிழிச்சாதான் கல்லு முழுசா வரும்" என்று ஆரணி முழுக்கத் தழும்பைக் காட்டிப் பெருமை பேசினேன்.

பத்து வருஷம் கழித்து என் தம்பிக்கும் கல். மெட்ராஸ் டாக்டர், "முதுகுல சின்ன துளை போட்டு உடைச்சு எடுத்துடலாம். சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்றார். நான் எகிறினேன். அவர் என் தழும்பைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

மறுநாள் இரண்டு படங்களையும் மாட்டியிருந்தார். பெரிய கல் தெரிந்த படத்தைக் காட்டிக் கத்தினேன்.

"மாங்கொட்டையாட்டம் கீது, துளையில எப்படிங்க வரும்? தம்பிக்குக் கிழிச்சே எடுங்க!"

"அது தம்பி படம் இல்லீங்க, உங்களுது."

எனக்கு வலியே இல்லையே!

"எப்படி எடுத்தாலும், தண்ணி குடிக்கலைன்னா திரும்ப வரும். தறியில இருக்கும்போது எவ்ளோ குடிப்பீங்க?"

ஒரு சொட்டு சிந்தினாலும் பட்டில் கறை விழும் என்று தறிப் பக்கம் தண்ணீர்ச் செம்பையே விட்டதில்லை நான். தம்பிக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவன் செம்போடு வந்த போதெல்லாம் அதட்டி விரட்டியிருக்கிறேன்.