அழகன் கடையில் கேட்ட தேதி

பொகவந்தலாவை பஜாரில் நான் நூலும் பொத்தானும் விற்கிறேன். இங்கே எல்லாருக்கும் நான் 'நானா', அண்ணன் மாதிரி. அடுத்த கடை அழகனுடையது. ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் தேதியை நம்பியவன் உருப்பட்டதில்லை. யார் எந்த நாளைக் கேட்டாலும் "தந்திர்றேங்க" என்பான். முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு வளையாது. அந்தக் கோழைத்தனத்துக்கு நல்ல மனசு என்று அவனே பெயர் வைத்திருந்தான்.

சனம் சும்மா இருக்குமா? கலியாணம் ஞாயிறு என்றால் வியாழன் என்று சொல்லித் துணி கொடுக்கப் பழகிக்கொண்டது. அழகனும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். வியாழன் என்றால் ஞாயிறு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் தைத்தான். இவன் பொய்க்கு அவர்கள் பொய், அதற்கு மேல் இவன் கணக்கு. இதற்குப் பெயர் தொழிலாம்.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து நாகலெட்சுமி மூத்த மகளின் முகூர்த்த ஜாக்கெட்டுக்குத் துணி கொண்டுவந்தாள். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி. கார்டு அடிக்கவில்லை, வாய்ச்சொல்தான்.

"ஞாயித்துக்கெழம கலியாணம் தம்பி. சனிக்கெழம வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.

"தந்திர்றேன்க்கா" என்றான் அழகன்.

அவள் போன பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அதுக்கடுத்த ஞாயிறுதான் இருக்கும் நானா. எனக்குத் தெரியாதா இவங்கள?"

சனிக்கிழமை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் ஓடி வந்தபோது துணி கொண்டுவந்த பையை விட்டே வெளியே வந்திருக்கவில்லை.

"நெசமாவே நாளைக்குத்தானாக்கா?" என்று கேட்டான். கேட்ட வாயில் அறைந்திருக்கலாம். அவள் அறையவில்லை.

"வேற என்னைக்குன்னு சொன்னேன் தம்பி?"

அதற்கும் அவனிடம் ஒரு வாக்கு தயாராக இருந்தது. காலை முதல் பஸ்ஸில் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவள் அதையும் நம்பிப் போனாள்.

பஸ் போனது, அவன் போகவில்லை. இரவு கரண்ட் இல்லை என்று பிறகு கதை விட்டான். என் வீடு கடைக்கு மேல்தான், எங்களுக்குக் கரண்ட் இருந்தது. பக்கத்து லயத்தில் யாருடையதோ ஒரு பெரிய ஜாக்கெட்டை இரவல் வாங்கி, ஊசி குத்தி இறுக்கி மணவறையில் உட்கார்ந்தாள் அந்தப் பிள்ளை. மாலை மாற்றக் கையை உயர்த்தியபோது தோள்பட்டை நழுவியதாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்தார்களாம். எனக்கு அழகன் மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அவனோ மறுவாரமே கடை வாசலில் புதுப் பலகை மாட்டினான்: 'சொன்ன நேரத்தில் தைத்துத் தரப்படும்.'

போன மாதம் நாகலெட்சுமி இளைய மகளின் சடங்குக்குத் துணியோடு வந்தாள். பஜாரில் வேறு டெயிலர் இல்லை, என்ன செய்வாள்?

"எப்பக்கா?" என்று கேட்டான்.

"புதன்கெழம தம்பி" என்றாள்.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை என்று சற்று முன்தான் என் கடையில் சொல்லியிருந்தாள். பொய் அவளுக்குப் பழக்கமில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அழகன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு அந்தத் துணியை, தைக்கக் கிடந்த துணி அடுக்கின் அடியில் செருகினான்.