பால்பாண்டி அண்ணாச்சி கெடுத்த ஆராய்ச்சி

செவ்வாய்க்கிழமை, காலை 6.52. மொபைலில் பதினொரு மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர்.

பால்பாண்டி அண்ணாச்சி போய்விட்டார். தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தூக்கத்திலேயே ஹார்ட் நின்றுவிட்டது என்று மகன் செல்வம் சொன்னான்.

RIP ஸ்டிக்கர் போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த மனுஷன் என் ஆராய்ச்சியை நாசம் செய்தவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எம்.ஃபார்ம். மூலிகை மருந்துகளை ஆட்களுக்குக் கொடுத்து, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கும் டீமில் இருக்கிறேன். அண்ணாச்சி சந்தில் மூட்டு வலிக்காரர்கள் நிறைய. முடக்கத்தான் சாறு அடைத்த கேப்ஸ்யூல் பாதிப் பேருக்கு. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே சைஸ்... உள்ளே வெறும் மாவு.

யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. தெரிந்தால் டெஸ்ட் செத்தது. இதையெல்லாம் சந்தில் உட்காரவைத்து விளக்கி, கையெழுத்து வாங்கித்தான் ஆரம்பித்தோம். முதல் கையெழுத்தே அண்ணாச்சியுடையது.

அவருக்கு அது விளையாட்டு இல்லை. கடைக்கு மேலேதான் வீடு. ஏறுவதற்கு செங்குத்தான இரும்பு ஏணி. முட்டி மடங்காததால் ரெண்டு வருஷமாக மேலே போகவே இல்லை. கீழே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை.

"பொண்டாட்டி மேல, நான் கீழ. டிவோர்ஸ் ஆனவன் கணக்கா கெடக்கேன் தம்பி. இந்த ஏணிய மட்டும் ஏற வச்சிருங்க."

ஒரு மாதம் கழித்து, மிச்சம் எத்தனை கேப்ஸ்யூல் இருக்கிறது என்று எண்ணப் போனேன். பாட்டிலைக் காட்டுங்கள் என்றால் ஆளுக்கு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். நூல் சுற்றிய கடைப் பொட்டலம்!

கடைக்கு ஓடினேன். கல்லாவில் கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில். உள்ளே என் கேப்ஸ்யூல்கள். எல்லாருடையதும் ஒன்றாக.

"அண்ணாச்சி, என்ன இது?"

"சமமாப் பிரிச்சிட்டேன் தம்பி. பாதிப் பேருக்கு வெறும் மாவுன்னு நீங்கதான சொன்னிய? ஒரே சந்து. முத்துலெச்சுமிக்கு மருந்து, எதுத்த வீட்டுக்காரிக்கு மாவா? ரெண்டு பேரும் நாளைக்கு எங்கிட்டதான சாமான் வாங்க வரணும்?"

"அதுதான் அண்ணாச்சி டெஸ்ட்டே!"

"டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் உங்க ஆபீஸ்ல. என் தந்தாவுல, இந்த யாவாரத்துல, டுப்ளிகேட் மால் கெடையாது."

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். "குடிச்சிட்டு மிச்சத்தையும் கத்துங்க."

அத்தனை டேட்டாவும் குப்பை. அந்தச் சந்தே வேண்டாம், விட்டுவிடு என்றார் என் சீனியர். அதைப் போய்ச் சொன்னபோதுதான் அண்ணாச்சி முகம் வாடியது. "அப்போ... ஏணி?"

குர்லாவில் ட்ரெயின் மாறும்போது எனக்கு மண்டையில் உறைத்தது. கிராஸ்ஓவர்! எல்லாருக்கும் ரெண்டும் உண்டு. கொஞ்ச வாரம் ஒன்று, நடுவில் இடைவெளி, அப்புறம் மற்றது. எது முதலில் என்பது மட்டும் ரகசியம். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சீனியரிடம் மூன்று நாள் சண்டை போட்டு, எத்திக்ஸ் கமிட்டிக்குத் திரும்ப எழுதி, ஓகே வாங்கினேன்.

"எல்லாருக்கும் உண்டுல்லா?" என்றார் அண்ணாச்சி. "அப்போ பராபர். சரியாப் போச்சு."

இந்த முறை அவரே போலீஸ். யாராவது பாட்டிலைக் கைமாற்றினால் கடையிலிருந்தே சத்தம் வரும். "ஏட்டி, ஒன்னோடது ஒனக்கு! தம்பி மறுபடி கத்துச்சுன்னா என் காது தாங்காது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கடை திறந்திருக்கிறது, ஆள் இல்லை. மேலேயிருந்து பாட்டுச் சத்தம். ஏறிப் பார்த்தால் கட்டிலில் காலை நீட்டி, ஃபேனுக்குக் கீழே ராஜா மாதிரி படுத்திருக்கிறார்.

"ஏறுனவரு எறங்கமாட்டேங்காரு," என்றார் அவர் மனைவி, ஆச்சி. "கடைய யாரு பாக்க? நீங்களாவது சொல்லுங்க தம்பி." சொல்லும்போதே ஆச்சிக்குச் சிரிப்பு.

எல்லாம் முடிந்து, யாருக்கு எப்போது எது என்ற ரகசியக் கோட் திறந்தது. அண்ணாச்சி ஏணி ஏறினது... மாவு வாரத்தில்.

நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன். இதைச் சொல்ல ஒரு வாரம் இழுத்தேன். கேட்டதும் அந்த முட்டி திரும்ப மடங்காமல் போய்விட்டால்?

சொன்னேன். என்னையே பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு. சந்தே எட்டிப் பார்த்தது.

"மருந்தே இல்லையா? அப்போ ஏறினது பூரா என் காலுதானா!"

அதற்குப் பிறகு சாமான் வாங்க வந்த ஒருத்தரையும் விடவில்லை. "மருந்து குடிச்சி எவனும் ஏறுவான்வே. நான் மாவு தின்னுல்லா ஏறினேன்!"

ஒரு ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மொத்த ரிசல்ட் இன்னும் ரிவ்யூவில். முடக்கத்தான் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கமெண்டில் கேட்டால் பிளாக்.

நேற்று ராத்திரியும் கடையடைத்து, ஏறிப்போய்த்தான் படுத்தாராம். செல்வம் சொன்னான்.

இப்போது செய்யப் போவது:

1. ஆபீஸுக்கு லீவ் மெயில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். இந்த நேரத்தில் ரிக்‌ஷா நகராது. சயான் வரை ட்ரெயின், அங்கிருந்து தாராவிக்கு நடை.

2. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆச்சி பக்கத்தில் உட்காருவேன்.

3. பாடையின் முன்பக்கம் ஒரு தோள் என்னுடையது. செல்வத்திடம் போனிலேயே சொல்லிவிட்டேன். சந்து குறுகல், அண்ணாச்சி நல்ல வெயிட். பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் பக்கத்தில் வராதீர்கள்... கொடுக்க மாட்டேன்.